அம்மி நகராதபோதும்



'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தேர்வில் தவறிய பிள்ளையிடமும், வேலை தேடி அலையும் தம்பியிடமும் அதையே சொல்லி வருகிறோம். ஆனால் எத்தனை அடி அடித்தும் அம்மி நகராவிட்டால்? அடித்ததெல்லாம் வீண்தானா? இந்தக் கேள்வியோடு, அமெரிக்க நாட்டு விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் பெயர் சாம் மில்ஸ்.

அவர் ஆடியது நமக்குப் பழக்கமான கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதுமான அமெரிக்கக் கால்பந்து. அதில் தடுக்கும் அணியின் முன்வரிசையில் மலைபோன்ற ஆள்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். பந்து எந்தப் பக்கம் வரும் என்று கணித்து, அங்கே பாய்ந்து தடுப்பது அவர் வேலை. அந்த இடத்துக்கு ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களையே அணிகள் தேடும். சாம் மில்ஸின் உயரமோ 5 அடி 9 அங்குலம்.

கல்லூரி முடித்ததும் 1981-இல் கிளீவ்லாந்து அணியின் பயிற்சி முகாமுக்குப் போனார், அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் டொராண்டோ அணிக்குப் போனார். அங்கும் அதே கதை. ஊர் திரும்பி, நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மரவேலையும் புகைப்படக் கலையும் கற்றுக்கொடுத்தார். நம்மில் பலர் அந்த இடத்தில், 'நமக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான்' என்று அமர்ந்துவிடுவோம்.

1983-இல் புதிதாக ஒரு போட்டித் தொடர் பிறந்தது. பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. குள்ளமான அவருக்கு 'வயல் எலி' என்ற பட்டப்பெயர் விழுந்தது. அந்த எலியைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது எளிதாக இருக்கவில்லை. 1984, 1985 இரு ஆண்டுகளும் அவருடைய அணி கோப்பையை வென்றது. அத்தொடர் நின்றுபோனதும், பயிற்சியாளர் ஜிம் மோரா அவரை நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒன்பது ஆண்டுகள் ஆடினார். பிறகு 1995-இல், 36 வயதில், அப்போதுதான் தொடங்கிய கரோலைனா பாந்தர்ஸ் அணிக்கு வந்தார். முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்த அந்த அணி ஆறாவதில் முதல் வெற்றியைக் கண்டது. எதிரணியின் பந்தை இடைமறித்துப் பிடித்து, எல்லைவரை ஓடியவர் சாம் மில்ஸ்தான்.

இதுவரை பழமொழி பொய்க்கவில்லை. அடித்தார், அம்மி நகர்ந்தது.

1997-ஓடு ஆட்டத்தை நிறுத்தி, அதே அணியில் பயிற்சியாளரானார். வீரர் தம் உடலால் வெல்கிறார். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே வெறுங்கையோடு நிற்கிறார்; தமக்குள் இருப்பதைப் பிறருக்குள் ஊற்றுவதே அவர் வேலை. பெற்றோராகிய நமக்கும் ஆசிரியராகிய நமக்கும் அது தெரிந்த வேதனை.

2003 ஆகஸ்டில் அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரியவந்தது. வாழ்நாள் சில மாதங்களே என்றார்கள். அவரிடம் பயின்ற லைன்பேக்கர் மார்க் ஃபீல்ட்ஸுக்கும் அதே வேளையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சாம் மில்ஸ் வீட்டில் படுத்துவிடவில்லை. மருந்தேற்றிக்கொண்டும், மெலிந்துகொண்டும், பயிற்சிக் களத்துக்கு வந்துகொண்டே இருந்தார்.

2004 ஜனவரியில், டல்லஸ் அணியோடு மோதவிருந்த முக்கியமான ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் பேசினார். நோய் தெரிந்த நாளில் தம்முன் இரண்டே வழிகள் இருந்தன, விட்டுவிடுவது அல்லது போராடுவது. போராடத் துணிந்தேன் என்றார். விடாமல் அடித்துக்கொண்டே இருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஆட்டத்தில் அணி 29–10 என வென்றது. தொடர்ந்து வென்று, இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை சென்றது. அங்கே, கடைசி வினாடிகளில், 32–29 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு, 2005 ஏப்ரல் 18-ஆம் நாள், சாம் மில்ஸ் இறந்தார். வயது 45.

அன்பர்களே, இந்த அம்மி நகரவில்லை. கோப்பையும் வரவில்லை, உயிரும் தங்கவில்லை. அப்படியானால் அவர் தோற்றாரா?

நம் இல்லங்களிலும் நோயுற்றோர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறபோது, 'தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லிவிட்டு வருகிறோம். சரியாகாமல் அவர் இறந்துபோனால், அவருடைய தைரியம் குறைவு என்று ஆகிவிடுமா? ஒருபோதும் இல்லை. சாம் மில்ஸ் தம் வீரர்களுக்குக் கொடுத்தது பிழைத்துவிடுவோம் என்ற உறுதிமொழி அன்று. எஞ்சிய நாள்களை எப்படி வாழ்வது என்பதைத் தம் உடலாலேயே காட்டினார். மார்க் ஃபீல்ட்ஸ் 2004-இல் மீண்டும் களமிறங்கி ஆடினார்.

விளையாட்டு வீரர்களை உவமையாக்கிப் பேசிய பவுலடியாரும், சிறையிலிருந்து எழுதுகிறபோது எத்தனை பேரை வென்றோம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. தமக்குக் குறித்த ஓட்டத்தை முடித்ததையே நிறைவாகக் கண்டார்.

சார்லட் நகரில் பாந்தர்ஸ் அணியின் ஆட்டக்களத்துக்கு வெளியே இன்று சாம் மில்ஸின் சிலை நிற்கிறது. சொந்தக் களத்தில் அணி ஆடுமுன் பெரிய முரசொன்றை அடிக்கிறார்கள். அவர் சொல்லின் நினைவாக. 2022-இல், அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு, மாபெரும் வீரர்களின் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. அதைக் காண அவர் இல்லை.

இந்த வாரம் நோயாளி ஒருவரைச் சந்திக்கப் போவோம். அறிவுரை சொல்லாமல் சற்று நேரம் அருகே அமர்வோம். அவர் எப்படி அடித்துக்கொண்டிருக்கிறார் என்று அவரிடமே கற்றுக்கொள்வோம். நகராத அம்மிகளின் முன் நிற்கும் எல்லாருக்காகவும் இறைவனை வேண்டுவோம். ஆமென்.