வேதாளம் வரும் நாள்



தொடங்கிய வேலையை முடித்த பின்னரே வேறொன்றில் கைவைக்க வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் வளர்ந்த வீட்டில், மாதத்தில் ஒரு நாள் மட்டும் அவ்விதி செல்லாது. 'அம்புலிமாமா' வந்து சேரும் நாளே அது.

1960களில், மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலை ஒன்றில் எங்கள் தந்தையார் கணக்கெழுதி வந்தார். மாலையில் அவர் கையில் இதழைக் கண்டுவிட்டால் வீடே நின்றுவிடும். அடுப்பில் ஏற்றிய உலை அரிசிக்குக் காத்திருக்கும். பள்ளிக் கணக்குப் பாதியிலே கிடக்கும். யாவரும் விளக்கடியில் கூடுவோம். முதலில் புரட்டுவது விக்கிரமாதித்தன் கதையே. பிணத்தைத் தோளிலிட்டு, வாளேந்தி மயானத்தில் நடக்கும் அரசனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பார். அச்சத்தோடும் ஆசையோடும் அதனைப் பார்த்துக் கொண்டிருப்போம்.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய இதழ் அது. தெலுங்கிலும் தமிழிலும் பிறந்து, பின்னர் வேறு பல மொழிகளிலும் வெளிவந்தது. வடமொழி மூலத்தில் வேதாளம் சொல்லும் கதைகள் 24. கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் அரசன் வாய்மூடி நடக்க, வேதாளக் கதையும் ஓய்ந்து விடுகிறது. இதழிலோ அது ஓயவில்லை. அதே அரசன், அதே மயானம், அதே முருங்கை மரம். ஆனால் மாதந்தோறும் ஒரு புதுக் கதை, ஒரு புதுச் சிக்கல். ஆகவேதான் எங்கள் ஆவலும் தீரவில்லை.

எங்கள் அன்னையார் உரக்கப் படிப்பார். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி விடுவார். ஆளுக்கொரு நியாயம் பேசுவோம். அடுத்த வீட்டு மலையாளச் சிறுவனும் மதிலின் மேல் ஏறி வழக்கில் கலந்துகொள்வான். அவன் வீட்டிற்கு 'அம்பிளி அம்மாவன்' வரும். அங்கும் அவர் சந்திர மாமாதான்! பிறந்த ஊரில் மாமன்மாரை விட்டுவந்த எங்களுக்கு, அந்த உறவுப் பெயரே ஓர் ஆறுதலாக இருந்தது.

நாங்கள் பயின்றது மலையாளப் பள்ளியில். தமிழைப் பேச அறிவோம். எங்களுள் இளையவனுக்கு எழுத்துகள் பாதிதான் தெரியும். ஒரு நாள், கேள்வி வந்த இடத்தில் அன்னையார் இதழை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். "விடை வேண்டுமானால் நீயே படி, கண்ணா" என்று சொல்லி அடுக்களைக்குள் சென்றுவிட்டார். அவன் அழுதான். நாங்கள் உதவ முற்பட்டோம். உள்ளிருந்து வந்த குரல் தடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினான். அரசன் சொன்ன விடைக்கு அவன் வந்து சேர்ந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. அன்று சோறு குழைந்து போயிற்று. அதைப்பற்றி ஒருவரும் குறை கூறவில்லை.

காரியம் பாதியிலே கெட்டால், 'வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது' என்று சலித்துக் கொள்கிறோம். எங்கள் வீட்டிலோ, வேதாளம் மரம் ஏறியதனால்தான் மறுமாதமும் தமிழ் படித்தோம்.

2010களில் அவ்விதழ் நின்றது. ஓவியர் சங்கரும் 2020இல் மறைந்தார். எங்கள் பேரப் பிள்ளைகள் மும்பையிலும் பெங்களூரிலும் வளர்கிறார்கள். தமிழில் பேசுகிறார்கள், படிக்கத் தயங்குகிறார்கள். ஆகையால் ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரு வேதாளக் கதை சொல்கிறோம், கேள்வியோடு நிறுத்துகிறோம். விடையைத் தமிழில் எழுதித் தபாலில் அனுப்புகிறோம்.

சென்ற வாரக் கதை மிகப் பழையது. இறந்துபோன ஒரு பெண்ணின் பொருட்டு ஒருவன் சுடலையில் அவளது சாம்பலைக் காத்துக் கிடந்தான். இன்னொருவன் அவள் எலும்பைக் கங்கையில் சேர்த்தான். மூன்றாமவன் மந்திரம் கற்றுவந்து அவளை உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு உரியவள்?

நேயர்களே, விடையை இங்கே சொல்லப் போவதில்லை. இன்றிரவு வேலைகளைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். விடையை அவர்களே தமிழில் தேடிப் படிக்கட்டும். சோறு சிறிது குழைந்தாலும் பாதகமில்லை.