அன்னாள் வீட்டில் தங்கிய நாட்கள்

(பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





அன்னாளின் ஜெபத்தை நாம் எல்லோரும் அறிவோம். அந்த ஜெபம் கேட்கப்பட்ட பிறகு நடந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சாமுவேல் பால் மறக்கும்வரை சீலோவுக்கு வரமாட்டேன் என்று அன்னாள் சொன்னாள். எல்க்கானா கோபிக்கவில்லை, அவளுடைய விருப்பத்துக்கே விட்டுவிட்டான். ஆலயத்துக்குப் போகாமல் பிள்ளைக்குப் பாலூட்டிய அந்த நாட்களையும் கர்த்தர் கனப்படுத்தினார்.

இன்று மொன்றியலில் பிள்ளை பெற்றிருக்கும் ஒரு தங்கச்சியை நினைத்துப் பாருங்கள். அம்மா ஊரில். கணவர் இரவு வேலையில். வெளியே பனி. மூன்றாம் நாள் இரவு பிள்ளை அழுகிறது. தொலைபேசியில் யாரோ ஒருவர், “உனக்குப் பால் காணாது, பால்மாவைக் கரைச்சுக் குடு” என்கிறார். பல தாய்மார் அந்த இரவோடு மனம் உடைந்துபோகிறார்கள்.

உண்மை என்ன? முதல் நாட்களில் வருவது மஞ்சள் நிறமான சீம்பால். அளவு கொஞ்சம்தான், ஆனால் பிறந்த பிள்ளையின் சிறிய வயிற்றுக்கு அதுவே ஏற்றது. அதைப் பீச்சி ஊற்றிவிடக் கூடாது. பெரும்பாலான தாய்மாருக்கு இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் பால் பெருகும். பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். ஆகவே 24 மணி நேரத்தில் எட்டுத் தடவையாவது பாலூட்ட வேண்டும். பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். காம்பில் மட்டும் பிடித்தால் தாய்க்கு வலி, பிள்ளைக்குப் பசி. பெரும்பாலும் பிழை தாயின் பாலில் இல்லை, பிள்ளை பிடிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. அருகிலிருந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் அதைத் திருத்திவிடுவார்.

ஆராதனை முடிந்து ஜான்-டலோன் சந்தைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். 1933 முதல் நடக்கும் அந்தச் சந்தையில் நின்று, “பாற்சுறா இல்லையே, முருங்கையிலை இல்லையே, பிள்ளைத்தாய்ச்சிக்கு என்னத்தைச் சமைக்கிறது?” என்று கவலைப்பட வேண்டாம். ஊர்ப் பத்தியச் சாப்பாடு உடம்புக்கும் மனதுக்கும் ஆறுதல். கிடைத்தால் சமைத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் அங்குள்ள கீரையும் மீனும் முட்டையும் பழமும் போதும். பிள்ளைக்கோ வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 400 அலகு கொடுக்கும்படி கனடா சுகாதாரத் துறை சொல்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்? கர்ப்பமாக இருக்கும்போதே உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி.யில் விசாரித்து வையுங்கள். பிள்ளையோடு வீடு திரும்பிய முதல் நாட்களில் அங்கிருந்து தாதி தொலைபேசியில் பேசுவார், வீட்டுக்கும் வருவார். அவர் வரும்போது வீட்டை ஒதுக்கிக்கொண்டிராமல், அவர் முன்னாலேயே பாலூட்டிக் காட்டுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நடு இரவிலும் 811ஐ அழைத்துத் தாதியோடு பேசலாம். நூரி-சூர்ஸ் அமைப்பில், தாமே பாலூட்டிய தாய்மார் புதிய தாய்மாருக்குத் துணையாக இருக்கிறார்கள். யூதப் பொது மருத்துவமனையில் கோல்ட்ஃபார்ப் பாலூட்டல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

முதல் வாரம் முடியும்போது நாளொன்றுக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். நனைவது குறைந்தால், பிள்ளை குடிக்க எழும்பாமல் தூங்கினால், தாய்க்கோ பிள்ளைக்கோ காய்ச்சல் வந்தால், அன்றைக்கே உதவி தேடுங்கள்.

இப்படிப்பட்ட உதவி ஒரு தொழிலாக வளர்ந்ததில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு. 1956இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களின் பிக்னிக் ஒன்றில் மேரி வைட், மேரியன் டாம்ப்சன் என்ற இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றத் தாய்மார் வந்து, “எங்களால் முடியவில்லையே, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். அந்த இருவரும் இன்னும் ஐந்து தோழிகளும் சேர்ந்து தொடங்கியதே லா லேச்சே லீக். பாலூட்டல் ஆலோசகர்களுக்கான முதலாவது சர்வதேசத் தேர்வு 1985இல் நடந்தது. இதற்கென்றே படித்தவர்கள் இன்று நம் நகரத்திலும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, மோசேயின் அக்கா மிரியாமை உங்களுக்குத் தெரியும். நாணல் பெட்டிக்குள் தம்பி அழுதபோது அவள் பயந்து ஓடவில்லை. பாலூட்ட ஒரு பெண்ணை அழைத்து வரட்டுமா என்று அரசகுமாரியிடம் கேட்டாள். கேட்டதனால் மோசேக்குத் தன் சொந்தத் தாயின் பாலே கிடைத்தது. தாய்க்குச் சம்பளமும் கிடைத்தது! உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்தால், அம்மா பாலூட்டும்போது ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவும் மிரியாமின் வேலைதான்.

நோயினாலோ மருந்தினாலோ வேறு காரணத்தினாலோ சில தாய்மாருக்குப் பால் போதாமல் போகலாம். பால்மா கொடுக்கும் தாயை இந்தச் சபையில் ஒருவரும் குறை சொல்ல வேண்டாம். அவளும் பிள்ளையைப் பசியாற்றுகிற தாய்தான்.

இந்த ஆண்டு விழாவில் மூன்று காரியங்களைச் செய்வோம். ஆலயத்தில் ஓர் அமைதியான மூலையில், சாய்ந்து உட்கார நல்ல கதிரை ஒன்றைப் போடுவோம். அங்கேதான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாமல். பிள்ளை பிறந்த வீட்டுக்கு இரண்டு வாரம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவோம்; கொடுத்துவிட்டு, நெடுநேரம் இருந்து கதைக்காமல் திரும்புவோம். “பால் காணாது” என்று சொல்ல வாயெடுக்கும்போது, “தாதியைக் கேட்டுப் பார்ப்போமா?” என்று சொல்வோம்.

எல்க்கானாவைப் போன்ற கணவர்மாரையும் மிரியாமைப் போன்ற பிள்ளைகளையும் கர்த்தர் நம் நடுவில் எழுப்புவாராக. ஆமென்.