பருவம் தொடங்குமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் பேசியவர்கள் எல்லோரும் கற்றறிந்தவர்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. "எனக்கு இலக்கியம் தெரியாதே" என்று செயலாளர் அவர்களிடம் மன்றாடினேன். "தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்றார். எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கால்பந்து. அதிலும் நான் ஆடத் தெரிந்தவன் அல்லன், பார்க்கத் தெரிந்தவன். ஆகவே, ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒரு ரசிகன் மனத்தில் என்னென்ன ஓடுகின்றன என்பதைப்பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறேன்.

ஆடிப்பட்டத்துக்கு முன்னே உழவன் வானத்தைப் பார்க்கிறான் அல்லவா? என் நிலையும் அதுவே. எந்த ஆட்டக்காரர் வந்தார், எவர் போனார், புதிய பயிற்சியாளர் எந்த நாட்டவர் என்று செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைத் துருவுவேன். பார்சல் ரசீதின் பின்புறத்தில் பதினோரு பெயர்களை எழுதுவேன், அடிப்பேன், மறுபடியும் எழுதுவேன். "வீட்டுக் கணக்கை இவ்வளவு கருத்தாய் எழுதினால் கடன் இராதே" என்பாள் என் மனைவி. அவள் சொல்வது முற்றிலும் உண்மை.

என் குழு சென்னையின் எப்.சி. 2014-இல் அது தோன்றிய நாள்முதல் அதற்கு நான் அடிமை. சென்னையில் ஒரு நாளும் குடியிராத உமக்கு அக்குழுமேல் என்ன உரிமை என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நான் பிறந்தது சித்தூரில், வளர்ந்தது பாகாலாவில், பிழைப்பது திருப்பதியில். என் பாட்டனார் காலத்திலே சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. நாம் இந்தப் பக்கம் நின்றோம். 2022 ஏப்ரலில் சித்தூரும் திருப்பதியுங்கூட வெவ்வேறு மாவட்டங்கள் ஆயின. நாம் நகரவில்லை; கோடுகள்தாம் நகர்ந்தன. ஆயினும் தண்டவாளம் அப்படியே இருக்கிறது. ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் என்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால் சென்னை சென்ட்ரல். அங்கே இறங்கி நடந்தே போய்விடலாம், பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்கு. ஆட்டம் முடிந்து, அடுத்த வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் செய்தித்தாளை விரித்துப் படுத்த இரவுகள் எனக்குப் பல உண்டு. என் உரிமைச் சீட்டு அந்தத் தண்டவாளந்தான்.

பருவத்துக்கு முன்னே கருத்துச் சொல்வதில் எனக்கு இணையில்லை. அக்கருத்துகள் தவறுவதிலும் எனக்கு இணையில்லை. 2015-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நம் குழு பட்டியலின் அடியிலே கிடந்தது. "இவ்வாண்டு அவ்வளவுதான்" என்று ஆபீசில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் அவர்கள் வென்றார்கள். அதற்குள் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. வண்டிகள் நின்றன. உறவினருக்குத் தொலைபேசி கிட்டாமல் நம் காலனியே தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் நீரில் நிற்க, அயலூரைச் சொந்த ஊராக வைத்துக்கொண்டு ஆடிக் கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 1-2 என்று பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு, 3-2 என்று கோப்பையை எடுத்தார்கள். நம் காலனியில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பதினைந்து பேர் அமர்ந்திருந்தோம். எவரும் கூச்சலிடவில்லை. முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அயலூரில் பிழைப்பவனுக்குத்தான் தெரியும், அந்த வெற்றியின் சுவை.

2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பை பெற்றார்கள். வியாசர்பாடித் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் அக்குழுவில் இருந்தார் என்பது நமக்குத் தனிப் பெருமை. "அடுத்த ஆண்டும் நாமே" என்று ஒரு மாதக் காப்பியைப் பந்தயம் வைத்தேன். அடுத்த ஆண்டு 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்துக் குழுக்களில் பத்தாம் இடம். அந்த ஒரு மாதமும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் காப்பியைக் குடித்தவர் என் எதிர்மேசைத் தெலுங்கு நண்பர். அவர் ஐதராபாத் குழுவின் பக்தராக ஆனது பின்னால். 2022-இல் அக்குழு கோப்பை வென்றபோது ஆபீசு முழுவதற்கும் லட்டு வழங்கினார். எங்களுக்குள் ஓயாத சண்டை. அவர் எங்கள் குழுவைப் பழிப்பார். நான் அவர் குழுவைப் பழிப்பேன். ஆனால் என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் என் இரவு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர் அவரே.

இனி 2025-ஆம் ஆண்டைப்பற்றிச் சொல்லவேண்டும். எல்லா ஆண்டும் பருவத்துக்கு முன்னே "வெல்வோமா?" என்றுதான் கேட்பேன். அவ்வாண்டு "ஆடுவோமா?" என்று கேட்கவேண்டி வந்தது. லீக்கை நடத்தும் உரிமைக்கு 2010-இல் எழுதிய 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாயிருந்தது, புதியது எழுதப்படவில்லை. ஜூலையில் பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் குழு தன் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. ரசீதின் பின்புறத்தில் எழுத எனக்குப் பெயர்கள் இல்லை. அக்டோபரில் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று வந்தது. ஐதராபாத் குழு ஊரையும் பெயரையும் விட்டு, தில்லிக் குழுவாக மாறிவிட்டது. நண்பரை அன்று பழிக்க எனக்கு வாய் வரவில்லை. "அன்னகாரு, உங்கள் குழு தூங்குகிறது, எழுந்துவிடும். எங்கள் குழு குடிபெயர்ந்துவிட்டது" என்றார். குடிபெயர்தல் என்ற சொல் நமக்குப் பழகிய சொல். ஆனால் அதை அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அன்றைய காப்பிக்கு இருவரும் பணம் நீட்டினோம்.

அந்த நாள்களில் நண்பருக்கு ஆறுதலாகப் பழங்கதை ஒன்று சொன்னேன். என் தந்தையார் எனக்குச் சொன்னது அது. உங்கள் குழந்தைகளும் அறியவேண்டியது. செகந்திராபாத்துக்கு அருகே அம்முகூடா என்னும் சிற்றூரில் குடியேறிய ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஐதராபாத்தின் பெரும் பயிற்சியாளர் ரகீம் அவர்கள் அந்தப் பையனைக் கண்டார். அவ்வளவு தூரம் வர வழியில்லை என்றபோது, மிதிவண்டி வாடகைக்குக் காசு கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன் 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்தியக் குழுவில் ஆடினார். 1960-இல் ரோமில் ஆடினார். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்ற குழுவிலும் ஆடினார். பின்பு பி.என்.ஆர். என்னும் ரயில்வே குழுவில் சேர்ந்தார். 2023-இல் மறைந்தார். ரகீம் அவர்களின் கதை 2024-இல் 'மைதான்' என்ற இந்திப் படமாகவும் வந்தது.

தமிழ்ப் பையன் ஒருவன், தெலுங்கு மண், உருது பேசும் ஆசிரியர், வங்காளத்து ரசிகர்கள், கடைசியில் ரயில்வே! இதைவிட நமக்கு நெருங்கிய கதை வேறு உண்டோ? ரயில்வே குழு சந்தோஷ் கோப்பையை 1961-62, 1964-65, 1966-67 ஆகிய மூன்று பருவங்களில் வென்றதையும் என் தந்தையார் தாமே கோல் போட்டதுபோலச் சொல்வார். ரகீம் அவர்கள் அன்று அந்தப் பையனின் வீட்டுமொழியைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? அவர் கேட்டதெல்லாம், வர வண்டி உண்டா என்பதுதான்.

இக்கதையை நண்பருக்குச் சொன்னபோது என் மனச்சான்று என்னைக் குத்தியது. ஏன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். சபையோர் பொறுத்தருளவேண்டும்.

என் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோதே பந்தாட வேண்டுமென்று கேட்டாள். நான் ஆட்டம் பார்க்கையில் என் மடியில் அமர்ந்து பார்த்த குழந்தை, வேறு எதைக் கேட்கும்? "ஏழாம் வகுப்பு வரட்டும்" என்றேன். ஏழாம் வகுப்பில், "மைதானத்தில் பையன்கள்தாமே இருக்கிறார்கள்" என்றேன். எட்டில், "வெயிலில் கறுத்துவிடுவாய்" என்று என் தாயார் சொன்னதற்குத் தலையாட்டினேன். ஒன்பதில், "பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும்" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. மாலைகளில் கதவுக்குப் பின்னே நின்று மைதானத்தைப் பார்ப்பாள்.

கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடுவதை நான் கைதட்டிப் பார்த்தேன். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றபோதும், 2023-இல் அரியானாவை வென்று மீண்டும் பெற்றபோதும், ஆபீசில் மார்தட்டிக்கொண்டேன். ஊரார் பெண்கள் ஆடினால் எனக்குப் பெருமை. என் பெண் ஆடக் கேட்டால் எனக்குப் பரீட்சை நினைவு! இதற்குப் பெயர் ரசிகத்தனமா, கோழைத்தனமா என்று நீங்களே சொல்லுங்கள்.

2026 ஜனவரியில், பிப்ரவரி 14 அன்று பருவம் தொடங்கும் என்று மத்திய விளையாட்டமைச்சர் அறிவித்தார். 14 குழுக்கள், ஒவ்வொன்றோடும் ஒரே முறை, மொத்தம் 91 ஆட்டங்கள் என்று முடிவாயிற்று. செய்தியைக் கேட்ட மாலை, ஓட்டமாய் வீட்டுக்கு வந்து, "அம்மா, தேதி வந்துவிட்டது!" என்று மகளிடம் கூவினேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உங்களுக்குத் தேதி வந்துவிட்டது, அப்பா. எனக்கு எப்போது?"

கோபமாகக் கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வண்டி நேரம் கேட்பதுபோலக் கேட்டாள். ஏழு மாதம் காத்திருந்ததற்கே நான் ஊரெல்லாம் புலம்பினேன். அவள் ஐந்து ஆண்டுகளாகக் காத்திருந்தாள். அவளுடைய பருவத்தை நிறுத்தி வைத்தது எந்த ஒப்பந்தமும் அன்று, எந்த அதிகாரியும் அன்று. அவளைப் பெற்ற நானே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை" என்றேன். என் தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். என் மனைவி, "போகட்டும் அத்தை, அவள் கறுத்தால் நம் நிறந்தானே வரும்" என்றாள். வீடு முழுவதும் சிரித்தது. அத்துடன் வழக்கு முடிந்தது.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். மைதானம் என்று நான் சொல்வதில் பாதி இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மீதிப் பாதியில் முள். தெலுங்கு நண்பர் தம் இரண்டாம் பெண்ணை மிதிவண்டியில் அழைத்து வந்திருந்தார். நானும் அவரும் முள்ளைப் பொறுக்கினோம். பெண்கள் இருவரும் பந்தை உதைத்தார்கள். நண்பர் தம் பழைய ஐதராபாத் சட்டையை அணிந்திருந்தார். நான் என் நீலச் சட்டையை. இப்போது ஏழு பெண்கள் வருகிறார்கள். மூவர் வீட்டில் தமிழ், மூவர் வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் உருது. பந்தைக் கேட்க அவர்கள் கூவுவது எந்த மொழி என்று எனக்கு விளங்கவில்லை, அவர்களுக்கு விளங்குகிறது.

அன்பர்களே, பருவத்துக்கு முன்னே கருத்துச் சொல்வது என் வழக்கம் என்றேன். இவ்வாண்டுக்கான என் கருத்துகளையும் கேளுங்கள். ஒன்று, பயிற்சி ஆட்டங்களின் முடிவை நம்பி எவரும் காப்பிப் பந்தயம் வைக்காதீர்கள். இரண்டு, அயல்நாட்டு ஆட்டக்காரர் களத்தில் நால்வருக்கு மேல் கூடாது என்று 2021-இல் வந்த விதி நல்ல விதி. நம் பையன்கள் எழுவருக்கு அது இடம் தந்தது. சென்னைப் பையனான நந்தகுமார் சேகர் 2023-இல் கொல்கத்தாவின் பெரிய போட்டியில் ஈஸ்ட் பெங்கால் குழுவுக்காக வெற்றிக் கோல் போட்டார். இடம் கிடைத்தால் நம்மவர் எங்கும் ஆடுவர். மூன்று, நம் காலனிப் பெண்கள் குழு இவ்வாண்டு ஆடும் எல்லா ஆட்டங்களிலும் தோற்கும். இது உறுதி. ஆனால் என் கருத்துகள் தவறுவது வழக்கம் என்பதையும் முன்பே சொல்லிவிட்டேன்.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் மூன்று. ஞாயிறு காலைகளில் மட்டுமாவது கார்களை வேறிடத்தில் நிறுத்துங்கள். பதினொருவர் சேர இன்னும் நால்வர் வேண்டும். கதவுக்குப் பின்னே நிற்கும் பெண் உங்கள் வீட்டிலும் இருந்தால் அனுப்பி வையுங்கள். பரீட்சையைப்பற்றி அஞ்சவேண்டாம், என் மகள் ஆறு மணிக்கு எழப் பழகியபின் ஐந்து மணிக்கே எழுந்து படிக்கிறாள்.