கத்தரியும் காகிதமும் கறுப்பினக் கலைஞரும்



கறுப்பினக் கலைஞர்கள் கத்தரியையும் பசையையும் கொண்டு தங்கள் சுயரூபத்தை ஆராய்ந்துவரும் ஒட்டுச்சித்திரங்களைப் பற்றி விவாதிக்க இந்தச் சபை கூடியிருக்கிறது.

அடிமை வாணிபத்தால் சிதறுண்ட சமூகம் ஆகையால், துண்டுகளை ஒட்டும் கலையே அதற்குப் பொருந்தியது என்று எழுதுவோர் பலர். கேட்க ரம்மியமான இந்த விளக்கத்தின் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. ஏனெனில் இது எந்தச் சித்திரத்தையும் பாராமலே சொல்லிவிடக்கூடியது. ஆகவே சித்திரங்களிலிருந்தே தொடங்குவோம்.

1963-ஆம் ஆண்டு, சிவில் உரிமை கோரிய வாஷிங்டன் பேரணிக்குச் சற்று முன்னதாக, ஓவியர்கள் ஹேல் உட்ரஃப், நார்மன் லூயிஸ் முதலானோருடன் சேர்ந்து நியூயார்க்கில் 'ஸ்பைரல்' என்னும் குழுவை அமைத்த ரொமேர் பியர்டன், எல்லோரும் கூடி ஒரே ஒட்டுச்சித்திரம் செய்யலாம் என்று யோசனை சொன்னபோது, நண்பர்கள் சிரத்தை காட்டவில்லை. நகரத்தின் சமூகநலத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சித்திரம் தீட்டிவந்த, ஐம்பது வயது கடந்த அந்த மனிதர், தாமே தனியாகப் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஒட்டி, ஃபோட்டோஸ்டாட் முறையில் அவற்றைப் பெரிதாக்கி, 1964-இல் 'புரொஜெக்ஷன்ஸ்' என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். அவற்றில் ஒரு முகத்தை நெருங்கிப் பாருங்கள்: ஒரு கண் சிறிது, மறு கண் பெரிது, நெற்றியும் மூக்கும் ஆப்பிரிக்க முகமூடி ஒன்றின் புகைப்படத் துண்டு. பாரிஸ் காட்சிச்சாலையில் 1907-இல் அத்தகைய முகமூடிகளைக் கண்டு நிலைகுலைந்த பிக்காஸோவும் அவர் தோழர் பிராக்கும்தாம் 1912-இல் காகிதம் ஒட்டும் கலைக்கு வித்திட்டார்கள் என்று கலைச்சரித்திரம் கூறுகிறது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற கணக்கைப் பியர்டன் வாய்திறவாமலே தீர்த்துவிட்டார். அதிலும், டச்சு ஓவியர் வெர்மியரின் அறைகளைக் கூர்ந்து பயின்ற அவருடைய சித்திரங்களில் நான் காண்பது சிதறல் அன்று, கட்டுக்கோப்பு.

அவருக்குப் பின் வந்தவர்களிடம் ஒட்டப்படும் காகிதமே பேசத் தொடங்குகிறது. கறுப்பின வாசகருக்கென்றே 1945-இல் தோன்றிய 'எபனி', 1951-இல் தோன்றிய 'ஜெட்' ஆகிய பத்திரிகைகளிலிருந்து பெண்களின் முகங்களை எடுத்துக்கொள்ளும் லோர்னா சிம்ப்ஸன், அவர்களுடைய கூந்தலை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் மைக்கரைசலை மேகம்போல் படரவிடுகிறார். சிலருக்குப் பழைய கனிமவியல் நூலின் பளிங்குப் படிகங்களே கூந்தலாகின்றன. தலைமயிரை எப்படிப் படியவைப்பது என்று அப்பெண்களுக்கு விளம்பரங்கள் வாயிலாகப் போதித்ததும் அதே பத்திரிகைகள்தாம் என்பதை அறிந்தவருக்கே இதன் குறும்பு முழுவதும் விளங்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் தாயாரின் சிகையலங்கார நிலையத்தில் வேலை செய்த மார்க் பிராட்ஃபோர்டு, அங்கே மயிரைச் சுருட்டும்போது நுனியில் மடித்துவைக்கும் மெல்லிய காகிதங்களை, ஓரம் கருகச் சுட்டு, வரிசை வரிசையாக ஒட்டினார். அந்தப் படங்களில் ஒரு முகமேனும் இல்லை. இருந்தும் அவர் எந்தத் தெருவில் வளர்ந்தவர் என்பது தெரிந்துவிடுகிறது.

நைஜீரியாவின் எனுகுவில் 1983-இல் பிறந்து இப்போது அமெரிக்காவில் வாழும் என்ஜிடேகா அக்குன்யிலி கிராஸ்பியின் முறை வேறு. தாய்நாட்டுப் பத்திரிகைப் படங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் இரசாயனத் திரவத்தால் காகிதத்திற்கு மாற்றுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீட்டின் அமைதியான உள்ளறை. கிட்டே சென்றால் சுவரிலும் தரையிலும், சில இடங்களில் மனித உடல் மீதும், மங்கலாகத் தெரியும் பாடகர்களும் அரசியல்வாதிகளும் கல்யாணக் கூட்டங்களும். ஒட்டு எங்கே முடிகிறது, வர்ணம் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படுவதில்லை. இன்று உயிரோடிருக்கும் ஒட்டுச்சித்திரக்காரர்களில் இவரையே நான் முதலிடத்தில் வைப்பேன்; மறுப்பவர்கள் பிற்பகலில் மறுக்கலாம்.

ஆதலால் இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடையாளம், மீட்சி, எதிர்ப்பு என்ற பெரிய சொற்களுக்குப் போகுமுன், நீங்கள் எடுத்துக்கொண்ட சித்திரத்தில் ஒட்டியிருப்பது எந்தக் காகிதம், எந்த ஆண்டினது, யாருக்காக அச்சிடப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மலிவான மரக்கூழ்க் காகிதம் அமிலத்தால் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும் தன்மையுடையதாகையால், நாளைக் காலை அமர்வைச் சித்திரப் பாதுகாப்பு நிபுணர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கலை விமரிசகர்கள் அதற்கும் தவறாமல் வரவேண்டும்.