கை அழுத்தாத நரம்பு

(தென்காசியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆனி, ஆடித் திங்கள்களில் அருவிக்கரையும் தென்காசித் தெருக்களும் மக்களால் நிறைகின்றன. விழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் பாடுகின்றன. முன்னர்ப் பத்துப் பேர் கூடி இசைத்ததை இன்று ஒருவரே இசைத்து முடிக்கின்றார். அவர்முன் இருப்பது கீபோர்டு என மக்கள் வழங்கும் மின்னிசைப் பலகை. இடக்கை சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் முழவும் பக்க இசையும் தாமே எழுகின்றன. வலக்கை ஒரு கட்டையை அழுத்தினால், அழுத்தாத நரம்புகள் ஒன்றோ இரண்டோ அதனுடன் தாமே சேர்ந்து ஒலிக்கின்றன. கேட்போர், "ஆகா! எத்துணை இனிமை!" என்கின்றனர்.

அவ்வாறு தானே சேரும் ஒத்திசை தமிழ்ப் பண்ணுக்கு என்ன செய்கின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது. இசையின் ஒலிநிலை ஒவ்வொன்றையும் நரம்பு என்பது தமிழ்நூல் வழக்கு. இற்றை நாளில் சுரம் எனப்படுவது அதுவே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் ச, ரி, க, ம, ப, த, நி என்பவற்றுக்கு முறையே உரிய தமிழ்ப்பெயர்கள்.

பொறி எவ்வாறு நரம்பைச் சேர்க்கின்றது? பாடப்படுவது எந்தப் பண் என அது அறியாது. இடக்கை அழுத்திய கூட்டு எது என்பதை மட்டுமே பார்க்கின்றது. வலக்கை நரம்புக்குக் கீழே அக்கூட்டில் உள்ள நரம்பு யாதெனத் தேடி எடுத்து ஒலிக்கின்றது. மேலைநாட்டுப் பாட்டு அத்தகைய கூட்டுகளின் மேல் கட்டப்படுவது. ஆதலின் ஆங்கே அது ஓரளவு பொருந்துகின்றது. தமிழ்ப் பண்ணோ கூட்டின்மேல் நிற்பதன்று. ஆரோசை, அமரோசை என்னும் ஏற்ற இறக்கத்திலும், நரம்புக்கு நரம்பு செல்லும் நடையிலும் உயிர்ப்பது.

சான்று ஒன்று காண்க. முல்லைப்பண் இன்று மோகனம் என வழங்குகின்றது. அதற்கு நரம்பு ஐந்தே. உழையும் தாரமும் அதில் இல்லை. அவ்விரண்டும் இல்லாமையே அதன் அழகு. இப்பண்ணை வாசிப்பவர் திரைப்பாட்டுப் பழக்கத்தால் இடக்கையில் இளியை அடியாகக் கொண்ட கூட்டை அழுத்துகின்றார் எனக் கொள்க. அக்கூட்டில் இளி, தாரம், துத்தம் மூன்றும் உள. வலக்கை துத்தத்தைத் தொட்டவுடன் பொறி தாரத்தைக் கொணர்ந்து கீழே சேர்க்கின்றது. உழையை அடியாகக் கொண்ட கூட்டை அழுத்தி விளரியைத் தொட்டால் உழை வந்து நுழைகின்றது. வாசிப்பவர் விரல் ஐந்து நரம்பையே தொட்டது. அவையில் ஒலித்தவையோ ஏழு! முல்லை எங்கே போயிற்று?

குற்றாலத்திற்கே உரிய சான்றும் உண்டு. திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்தைப் பாடிய முதல் திருமுறைப் பதிகம் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் அதனை இன்று அரிகாம்போதியில் பாடுகின்றனர். பழந்தமிழில் இந்நரம்பு நிரல் செம்பாலை. இதற்குரிய தாரம் மென்மையானது. இளியை அடியாகக் கொண்ட கூட்டோ வன்மையான தாரத்தைக் கொணரும். ஒரே ஒரு நரம்பு மாறியதனால் செம்பாலை சங்கராபரணம் எனப்படும் அரும்பாலையாகிவிடும். ஓதுவார் வாயில் ஒரு பாலை. பொறியின் வாயில் வேறொரு பாலை!

வேண்டாத கூட்டை அழுத்தாமல், குரலை அடியாகக் கொண்ட ஒரே கூட்டிலேயே இடக்கையை வைத்துக்கொண்டால் என்ன என ஒருவர் வினவலாம். அப்போது அயல் நரம்பு நுழையாது. ஆனால் பாட்டு ஏறி இறங்கிச் செல்ல, சேர்ந்து வரும் துணைநரம்பு முளையில் கட்டிய கன்றுபோல் ஓரிரு இடங்களையே சுற்றிக்கொண்டிருக்கும். அது துணையாகாது, தடையே.

இனிக் குழைவைக் காண்போம். கமகம் எனப்படும் அசைவு பண்ணின் உயிர். பலகையின் ஓரத்திலுள்ள உருளையைத் திருப்பி நரம்பை வளைக்கலாம். ஆனால் பல கருவிகளில், வளைக்கும்போது சேர்ந்த நரம்பும் அதே அளவில் உடன் வளைகின்றது. தலைநரம்பு பண்ணுக்குள் செல்ல, துணைநரம்பு பண்ணுக்கு வெளியே செல்கின்றது.

இவற்றினும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை எனத் தமிழர் வகுத்தனர். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை எனச் சிலப்பதிகார உரை கூறுகின்றது. இவ்வெண்ணிக்கையைக் கொள்ளும் முறையில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒன்று நோக்குக. தானியங்கி ஒத்திசை பெரிதும் சேர்ப்பவை எவை? மூன்றாவதும் ஆறாவதுமே!

அளவையாலும் இதனைக் காணலாம். இப்பலகையில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியை 100 கூறாகக் கொள்வோம். ஐந்தாம் நரம்பாகிய இளி இயல்பாக நிற்க வேண்டிய இடம் 702, பலகையில் 700. குறை இரண்டே கூறு, செவி பொறுக்கும். இயல்பான கைக்கிளை நிற்க வேண்டிய இடம் 386, பலகையில் 400. மிகை 14 கூறு. விளரிக்குரிய இடம் 884, பலகையில் 900. மிகை 16 கூறு. கிளையும் நட்பும் இப்பலகையில் நன்கு பொருந்துகின்றன. மூன்றாவதும் ஆறாவதுமே மிகவும் பிறழ்கின்றன. பிறழ்ந்த அவற்றையே பொறி கேளாமல் கொணர்ந்து சேர்க்கின்றது.

அங்ஙனமாயின் கட்டைக் கருவியே தமிழிசைக்குப் பகையோ? அன்று. தென்காசிக்கு அணித்தான சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் 1912-இல் இசைச் சங்கம் நிறுவி, மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு நிலையைப் பன்னிரண்டு சமகூறாக்கும் முறை பழந்தமிழரின் ஆயப்பாலையிலேயே உண்டென நிறுவ முயன்றவர் அவர். ஆயப்பாலைக்கு மேல் 24 கூறுடைய வட்டப்பாலை முதலிய நுண்பாலைகளையும் அவர் விளக்கினார். ஆகவே பன்னிரு கட்டை ஒரு வாயில். அதுவே முழு மனையன்று.

ஆர்மோனியத்தையும் முன்னர் இவ்வாறே ஆய்ந்தனர். அசைவுக்கு இடந்தராத கருவி எனக் கருதி 1940-இல் அனைத்திந்திய வானொலி அதனை விலக்கிற்று. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆயினும் ஆர்மோனியம் பண்ணுக்கு அயலான நரம்பைத் தானாகத் தேர்ந்து சேர்த்ததில்லை. இன்றைய பொறியோ அதனையும் செய்கின்றது.

ஒத்திசையே கூடாதென்பதும் இதன் பொருளன்று. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா, தமிழ் மெட்டுகளோடு மேலை ஒத்திசையைச் சேர்த்தவர். அவர் ஒவ்வொரு கருவிக்குரிய நரம்பையும் தாமே தேர்ந்து தாளில் எழுதுபவர். தேர்ந்து சேர்ப்பது கலை. தேராமல் சேர்வது விபத்து.

இதனால் யாருக்குக் கேடு? தேர்ந்த கலைஞருக்கு அன்று. அவர் பொத்தானை அணைக்க அறிவார். கேடு சிறாருக்கே. ஊர்தோறும் குழந்தைகள் இப்பலகையில்தான் முதன்முதலாக நரம்பைக் கேட்கின்றனர். ஒரு விரல் வைத்தால் மூன்று நரம்பு ஒலிக்கும் பலகையில் பழகிய பிள்ளைக்கு ஒற்றை நரம்பு வெறுமையாகத் தோன்றும். ஓதுவார் பாட்டும் குழலோசையும் குறையுடையனவாகப் படும். செவி அயன்மைப்பட்டபின் பண்ணை மீட்பது எளிதன்று. 1947-இல் 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகள் வழக்கொழிந்த யாழை மீட்க எத்துணை ஆண்டு உழைத்தார் என்பதை எண்ணுக.

செய்யத்தக்கவை மூன்று. பண்ணிசைக்கும்போது தானியங்கி ஒத்திசையை அணைத்துவிடுக. துணை வேண்டுமாயின் குரலும் இளியும் மட்டும் ஒலிக்கச் செய்க. நாயனத்துக்கு ஒத்து நிற்பதுபோல் அது நிற்கும். அவ்விரு நரம்பை மட்டும் ஒரு கூட்டாக ஏற்கும் கருவிகள் பல உள. மூன்றாவதாக, உரியதைக் கேட்டுப் பெறுக. அரபு நாட்டார் தம் இசைக்குக் கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒலிநிலைகள் வேண்டினர். அவர்களுக்கெனவே நரம்புதோறும் அளவை மாற்றத்தக்க பலகைகள் செய்யப்பட்டன. பண்ணின் நரம்புக்குள்ளேயே நின்று துணைசேர்க்கும் பொறி தமிழருக்கும் வேண்டும். நரம்பு நிரலைக் கணக்காக எழுதிக் கொடுத்தால் பொறி அதன்படி நடக்கும். எழுதிக் கொடுக்க வேண்டியவர் தமிழிசை அறிந்த தமிழரே.

யாழ்முரி வரலாறு அனைவரும் அறிந்தது. சம்பந்தர் பாடிய பாட்டு யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவு வாசிக்குமாறு பணித்தார். கருவியை உடைக்கவும் வேண்டா. கருவிக்காகப் பாட்டைக் குறைக்கவும் வேண்டா. வந்த அளவு வாசிக்கட்டும். வாராததைத் தானே சேர்க்க மட்டும் விடாதிருப்போமாக!