நாடகமும் பழஞ்சுவடியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூத்தில் மயங்கினோன் ஏட்டைத் தொடான் என்று நம்மிற் பலர் கருதுவர். யாமும் நெடுநாள் அங்ஙனமே கருதியிருந்தோம். அக்கருத்தை மாற்றியது அமெரிக்க நாட்டில் எழுந்த ஓர் இசைநாடகம்.

அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன். ரான் செர்னோவ் என்பார் 2004-இல் வெளியிட்ட அவர்தம் வரலாற்று நூலைக் கற்ற லின்-மானுவேல் மிராண்டா என்னும் கலைஞர் அதனைப் பாட்டும் ஆட்டமுமாக்கி, 2015-இல் நியூயார்க்கு நகரில் அரங்கேற்றினார். கண்டோர் பலர், ‘இவை மெய்யாக நிகழ்ந்தனவோ?’ என வினவலாயினர். அவ்வினாவிற்கு விடை பழங்கடிதங்களில் அன்றோ உளது! 2016 முதல் பள்ளி மாணாக்கர் அக்கால ஆவணங்களைப் பயின்று, அவற்றினின்று தாமே பாட்டும் காட்சியும் இயற்றி, அந்நாடக மேடையிலேயே நடித்துக் காட்டவும் வழி செய்யப்பட்டது. 2017-இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன்பாலுள்ள ஹாமில்டன் ஆவணங்கள் ஏறக்குறைய 12,000-ஐ யாவரும் காண இணையத்தில் வைத்தது.

ஒன்று கூறுவோம். நாடகத்தில் ஹாமில்டன் தம் மைத்துனி ஏஞ்சலிக்காவிற்கு எழுதிய மடலில் ஒரு காற்புள்ளி இடம் மாறி நிற்கின்றது; அஃது அன்பின் குறிப்போ என்று அவ்வம்மையார் ஐயுறுகின்றார். 1787-ஆம் ஆண்டின் மூல மடலை நோக்கினாலோ, புள்ளியை இட்டவர் ஏஞ்சலிக்கா. அதனைச் சுட்டி வினவியவர் ஹாமில்டன்! புள்ளியே இடாத ஓலைகளோடு போராடிப் பழகிய எமக்கு இது பெருநகை விளைத்தது. நாடகம் பொய்த்தது என்று சினப்பாருமுளர். யாம் சினவோம். மூலத்தைத் தேடச் செய்ததும் அந்நாடகமே. தேடியபொழுது மூலம் இருந்தது.

இருந்தது எவரால்? ஹாமில்டன் 1804-இல் துப்பாக்கிப் போரில் மடிந்தபின், அவர் மனைவியார் எலிசா ஐம்பதாண்டு வாழ்ந்து, கணவர்தம் தாள்களைத் திரட்டிக் காத்தார். 1848-இல் அரசாங்கம் அவற்றை விலைகொடுத்துப் பெற்றது. ஆயின் அவ்வம்மையார் கணவர்க்கு எழுதிய மடல்கள் கிடைத்தில. அவர் அவற்றைத் தம் கையாலேயே எரிப்பதாக மிராண்டா ஒரு காட்சி அமைத்தார். எரித்தமைக்குச் சான்று இல்லை, இன்மையையே பாட்டாக்கினார்.

அக்காட்சியில் எம் நெஞ்சு துணுக்குற்றது. எம் பாட்டனார் எழுதிய கணக்கோலைக் கட்டுகள், எம் இளமையில், வெந்நீரடுப்பிற்கு இரையாயின. ஓலை நன்றாக எரியும் என்று மகிழ்ந்து, எடுத்துக் கொடுத்தவரும் யாமே. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கொடுமையை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளதைப் பிற்காலத்தே மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எம் குரல் சற்றே தாழும்.

நம் ஆண்டு விழாவில் இளைஞர்கள் ஆண்டுதோறும் நாடகம் ஆடுகின்றனர். இம்முறை நம்மூர் ஏரி வெட்டிய கதையை ஆடக் கருதியுள்ளார்களாம். கதைக்குரிய பழம் பத்திரமோ, செப்பேடோ, ஓலையோ உங்கள் இல்லத்துப் பரணில் இருப்பின், பூச்சி அரித்ததாயினும், அடுத்த கூட்டத்திற்குக் கொணர்க. தாய்மார்களே, உங்களையே முதற்கண் வேண்டுகின்றோம். பெட்டிச் சாவி உங்களிடமன்றோ இருக்கின்றது? எழுத்தை யாம் படித்துச் சொல்லுவோம்.