சுவிட்ச் சத்தம் குறையணுமா? முதல்ல சூட்டைக் கவனிங்க

தருமபுரியில இருந்து பேசுறேன். வீட்டுல நெட்வொர்க் லேப் வச்சிருக்கிற எல்லாருக்கும் வர்ற தலைவலி ஒண்ணு இருக்கு: சுவிட்ச் போடுற சத்தம். இன்னைக்கு அதைப் பத்திதான்.

பகல்ல எனக்கு ஆபீஸ் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் லேப். பக்கத்து ரூம்ல பாட்டி தூங்குறாங்க. "டேய், அந்த மெஷினை நிறுத்திட்டுப் படுடா"ன்னு அவங்க சொல்லிட்டா, அன்னைக்குப் படிப்பு முடிஞ்சது. பெங்களூருக்குக் குடி போகாம ஊர்லயே இருந்து கத்துக்கணும்னா, சத்தத்தைச் சரி பண்ணியே ஆகணும்.

ஏன் இவ்வளவு சத்தம்? பெங்களூரு எஸ்.பி. ரோட்டுலயோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுலயோ செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கிற பெரிய சுவிட்ச் எல்லாம் சர்வர் ரூமுக்காகச் செஞ்சது. உயரம் 1.75 இன்ச்தான். உள்ளே 40 மில்லிமீட்டர் ஃபேன்தான் நுழையும். அவ்வளவு சின்ன ஃபேன் நிறையக் காத்தைத் தள்ளணும்னா பேய் வேகத்துல சுத்தணும். அதுதான் அந்தக் கீச்சுச் சத்தம்.

ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதியாத்தான் கேக்கும். ஆனா ஒரே மாதிரி ரெண்டு ஃபேன்ல ஒண்ணைக் கழட்டினா குறையுறது வெறும் 3 டெசிபல். அதனால ஃபேனைக் கழட்டாதீங்க, வேகத்தைக் குறைக்கப் பாருங்க.

சிக்கல் என்னன்னா, வேகம் பாதியானா காத்தும் பாதியாகிடும். டேட்டா சென்டர்ல உள்ளே போற காத்து 18 முதல் 27 டிகிரி இருக்கணும்னு பரிந்துரை. நம்ம ஊர் சித்திரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். குளிர் நாட்டுக்காரர் வீடியோவை அப்படியே இங்க செய்ய முடியாது.

அதனால என் வரிசை இதுதான்.

முதல்ல சூட்டைக் குறைங்க. எட்டு போர்ட் போதும்னா ஃபேனே இல்லாத சுவிட்ச் வாங்குங்க. ரூட்டிங் மட்டும் பழக ஜிஎன்எஸ்3 மாதிரி சாஃப்ட்வேர் போதும். 100 வாட் சுவிட்ச் நாள் முழுக்க ஓடினா ரெண்டு மாசத்துக்கு 144 யூனிட். கரண்ட் பில்லும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

அடுத்து இடம். கீழ்த்தளத்துல, தூங்குற ரூமை ஒட்டாத சுவர் பக்கம் வைங்க. அடியில ரப்பர் போட்டா அதிர்வு மேசைக்கு இறங்காது. பீரோவுக்குள்ள வச்சு மூடாதீங்க. உள்ளே சூடு ஏற ஏற ஃபேன் இன்னும் கத்தும்.

கடைசியாத்தான் ஃபேன் மாத்துறது. நாக்டுவா 40 மில்லிமீட்டர் ஃபேன் அமைதியா ஓடும், ஆனா தள்ளுற காத்து கம்மி. சில சுவிட்ச்ல வயர் வரிசையே வேற. சிலது வேகம் குறைஞ்சா ஃபேன் ஃபெயில்னு அலாரம் அடிக்கும். மாத்தினப்புறம் மதியம் ரெண்டு மணிக்கு டெம்பரேச்சர் பாருங்க, ராத்திரி பார்த்து ஏமாறாதீங்க. பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

உங்க லேப்ல எந்த சுவிட்ச் கத்துது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.